கோலாலம்பூரில் தமிழ் ஸ்டாண்ட்-அப்: முதல் ஐந்து நிமிடத்திலிருந்து தொலைக்காட்சி, தனி நிகழ்ச்சி வரை

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் மாதம் ஒருமுறை தமிழ் ஓபன் மைக் நடத்துகிறேன்: புதியவர்களும் பெயர் கொடுத்து, தனியாக மேடையேறிச் சில நிமிடம் நகைச்சுவை பேசிப் பார்க்கும் இரவு. அங்கே வரும் புதியவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "அண்ணே, டிவியில வரணும்னா யாரைப் பார்க்கணும்?"

கேட்பவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் கையில் இன்னும் ஐந்து நிமிடம் இருக்காது. முன்பின் தெரியாத முப்பது பேரை, எந்த அறையில் நிறுத்தினாலும் சிரிக்க வைக்கிற ஐந்து நிமிடத்தைச் சொல்கிறேன். அது இல்லாமல் கேமரா முன்னால் போய் நின்றவர்கள் ஒரே நிகழ்ச்சியோடு மனம் விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வழிகாட்டியில் தொலைக்காட்சி ஒன்பதாவது படியில் வருகிறது. வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி, மாதச் சம்பளம் தரும் ஒரு வேலை. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் இதில் வரும் காசு பெட்ரோலுக்கும் டோலுக்கும்கூடப் போதாது. வாடகைக்குப் பயந்துகொண்டு எழுதுபவர் கிடைத்த விருந்தையெல்லாம் ஒத்துக்கொள்வார், அறைக்குத் தகுந்தபடி தன் பேச்சை வளைத்துக்கொண்டே போவார், கடைசியில் அவருக்கென்று ஒரு குரல் இருக்காது. நெட்ஃபிளிக்ஸில் 2020இல் தனி நிகழ்ச்சி வந்த நம் நாட்டு ஜேசன் லியோங், மருத்துவராக இருந்தபடிதான் மேடையேறத் தொடங்கினார். வேலையைப் பிறகுதான் விட்டார்.

எந்த மொழியில் பேசுவது என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். இந்த நகரத்தில் ஆங்கில மேடைகள் அதிகம், தமிழ் மேடைகள் குறைவு. 2018இல் நெட்ஃபிளிக்ஸ் வரை போன கவின் ஜே ஆங்கிலத்தில் பேசுபவர். இரண்டிலும் ஏறுங்கள் என்றுதான் சொல்வேன். ஆங்கில மேடையில் வாரத்துக்கு ஒருமுறை பழக்கம் கிடைக்கும். தமிழ் மேடையில் உங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் பேசுகிற மொழியிலேயே சிரிக்க வைக்கலாம். ஆனால் ஒன்றில் எழுதியதை அப்படியே மற்றதற்கு மொழிபெயர்க்காதீர்கள். ஏன் என்பது மூன்றாவது படியில் புரியும்.

2. மூன்று இரவுகள் பார்வையாளராக உட்காருங்கள்

மேடையேறுவதற்கு முன் மூன்று ஓபன் மைக் இரவுகளுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். பேசுபவரைப் பார்க்க வேண்டாம், பார்க்க வந்தவர்களைப் பாருங்கள். எந்த இடத்தில் கைப்பேசியை எடுக்கிறார்கள், எந்த நொடியில் திரும்ப நிமிர்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிரிப்பு எங்கே செத்துப் போகிறது என்பது மேடையிலிருப்பவருக்குப் புரிவதற்கு முன்பே பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நடத்துபவர் நேரம் முடியப்போவதை எப்படிக் காட்டுகிறார் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு விளக்கோ கைப்பேசி டார்ச்சோதான். ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் நான்காவது நிமிடத்தில் அது எரியும். "இன்னும் ஒரு நிமிடம்" என்பதுதான் அதற்கு அர்த்தம். "உடனே இறங்கு" என்று எடுத்துக்கொண்டு பதறி, பாதி வாக்கியத்தில் மைக்கை வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

3. ஐந்து நிமிடத்தை எழுதுவது

இந்தத் தொழிலின் வேலை முழுதும் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதில் அவசரப்படாதீர்கள்.

முதலில் கடன் வாங்கியதையெல்லாம் தள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஜோக், சென்னைத் தொலைக்காட்சி நகைச்சுவைப் போட்டிகளில் கேட்டது, நடிகர்களின் மிமிக்ரி எதுவும் வேண்டாம். நம் மக்கள் அந்த நிகழ்ச்சிகளை ஒன்று விடாமல் பார்த்தவர்கள். இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் சொந்தக் கதையையும் நம்ப மாட்டார்கள். மிமிக்ரி தெரிந்தவர்கள் அதைத் தனி ஜோக்காக வைக்காமல், உங்கள் மாமாவையோ பள்ளித் தலைமையாசிரியரையோ பேச வைக்கப் பயன்படுத்துங்கள். அந்தக் குரல் வேறு யாரிடமும் கிடையாது.

அடுத்து, சென்னைத் தமிழை விடுங்கள். "சூப்பரா இருக்குல்ல நண்பா" என்று தொடங்கும் செந்தூல் பையனைப் பார்த்ததும் கூட்டம் ஒரு அடி பின்னால் சாய்கிறது. வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே பேசுங்கள், நடுவில் மலாய் வருவதும் "லா" வருவதும் சேர்த்துத்தான். ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: சிரிப்பு விழும் சொல்லை அறையில் இருக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பினாங்கில் மட்டும் புழங்கும் ஒரு சொல்லைக் கோலாலம்பூரில் விளக்கிக்கொண்டு நின்றால் அங்கேயே காற்று இறங்கிவிடும்.

இப்போது தமிழில் எழுதுபவருக்கு மட்டும் வரும் சிக்கலைச் சொல்கிறேன். நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆனால் சிரிப்பைத் தூண்டும் சொல் பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல். அது வாக்கியத்தின் நடுவில் புதைந்து போகிறது. ஒரு புதியவர் இப்படி எழுதிக்கொண்டு வந்தார் (தே தாரிக் குராங் மானிஸ் என்றால் சீனி குறைத்த டீ):

"எங்க அப்பாவுக்கு இனிப்பு நீரு. தே தாரிக் குராங் மானிஸ்தான் குடிப்பாரு, ஆனா ரொட்டி கானாய் மேல ரெண்டு கரண்டி சீனி போட்டுச் சாப்பிடுவாருன்னு அம்மா எங்கிட்ட சொல்லி வருத்தப்பட்டாங்க."

"சீனி" என்ற சொல்லுக்கு அப்புறம் ஆறு சொற்கள். கூட்டம் சிரிக்க வாய் திறக்கும்போது இவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். மரியாதைக்காக அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள், அடக்கிய சிரிப்பு திரும்பி வருவதில்லை. இருவரும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"எங்க அப்பாவுக்கு இனிப்பு நீரு. டாக்டர் சொன்ன நாள்லேர்ந்து தே தாரிக் குராங் மானிஸ். ரொம்பக் கண்டிப்பு. கூட ஒரு ரொட்டி கானாய். ரொட்டி மேல... ரெண்டு கரண்டி சீனி."

வினையை எடுத்துவிட்டோம், "அம்மா சொன்னாங்க" என்பதை வெட்டிவிட்டோம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு ஜோக்கிலும் சிரிப்புச் சொல்லின் கீழ் கோடு போடுங்கள். அதற்குப் பின்னால் இரண்டு சொற்களுக்கு மேல் இருந்தால் வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். "என்று சொன்னார்" என்பதை முன்னாலேயே வைத்துவிடலாம்: "அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க..." ஆங்கிலத்தில் எழுதியதை மொழிபெயர்த்தால் சொல்வரிசை குலைந்து, சிரிப்புச் சொல் இப்படி நடுவில் போய் மாட்டிக்கொள்ளும். மொழிபெயர்க்காதீர்கள் என்று முதல் படியில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நீளம் எவ்வளவு? தமிழில் ஐந்து நிமிடத்துக்குச் சுமார் 400 சொற்கள் போதும் என்பது என் கணக்கு. சிரிப்புக்கும் மூச்சுக்கும் இடம் வேண்டும். புதியவர்கள் 800 சொற்களோடு வந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஓடுவார்கள். ஓடினால் யாரும் சிரிக்க முடியாது.

எழுதியதை வரிசைப்படுத்தும்போது இருப்பதிலேயே வலுவானதைக் கடைசியில் வையுங்கள், அதற்கடுத்ததை முதலில். இன்னும் சோதிக்காததை நடுவில் ஒளித்து வைக்கலாம். முதல் இருபது நொடியில் ஒரு சிரிப்பு வந்துவிட்டால், நடுவில் ஒன்று விழுந்தாலும் மன்னித்துவிடுவார்கள்.

4. மேடைக்குக் கொண்டுபோகக் கூடாததைப் பிரித்தெடுங்கள்

இந்த நாட்டில் இனம், மதம், அரச குடும்பம் மூன்றையும் சேர்த்து 3ஆர் (ரேஸ், ரிலிஜன், ராயல்ட்டி) என்கிறோம். இவற்றைத் தொடுகிற வரிகளைத் தனித்தாளில் எழுதி, அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம், தண்டனைச் சட்டத் தொகுப்பின் 298, 298ஏ பிரிவுகள், இணையத்தில் போடுவதற்கு 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு எல்லாம் நடைமுறையில் இருப்பவை.

பேசியவரோடு மட்டும் இது முடிந்துவிடாது. 2022இல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருந்த கிராக்ஹவுஸ் காமெடி கிளப்பில், ஓபன் மைக்கில் ஒருவர் செய்தது காணொளியாகப் பரவியது. முடிவில் கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல் அந்த இடத்தின் உரிமத்தையே ரத்து செய்தது. எத்தனையோ பேர் பழகிய மேடை போய்விட்டது. உங்களுக்கு ஐந்து நிமிடம் தருபவர் தன் உரிமத்தைத்தான் உங்கள் கையில் கொடுக்கிறார். சந்தேகம் இருக்கும் வரியை முன்கூட்டியே அவரிடம் சொல்லிக் கேட்பது மரியாதையும்கூட.

இதனால் பேசப் பொருளே இருக்காது என்று நினைக்க வேண்டாம். நம் சொந்த வீடு, ஜாதகம் பார்க்கும் அத்தை, தமிழ்ப்பள்ளி நினைவுகள், தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த தாத்தா, கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிற மேசை என்று யாரும் இன்னும் சரியாகத் தொடாத பொருள் மலைபோல் கிடக்கிறது. சாதியை வைத்து ஒருவரை மட்டம் தட்டுவது, பெண்ணின் உடம்பைக் கேலி செய்வது இரண்டையும் நான் என் மேடையில் அனுமதிப்பதில்லை. சட்டம் தடுக்காவிட்டாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு வலிக்கும்.

5. முதல் மேடை

முதல் இரவுக்கு நண்பர்கள் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள், ஜோக்குக்காக இல்லை. வீட்டுக்குப் போகும்போது எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒருவர் போதும், அவரும் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளத்தான்.

மேடையேறியதும் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுங்கள், ஸ்டாண்டைத் தூக்கி உங்களுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் கம்பி நின்றால் அது உங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு வேலி. மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், சத்தம் அடைத்துக்கொள்ளும். வாய்க்குக் கொஞ்சம் கீழே, ஒரு கைப்பிடி இடைவெளி சரியாக இருக்கும். சிரிப்பு வரும்போது கை தானாக இறங்கும், அடுத்த வரிக்கு அதைத் திரும்ப உயர்த்த மறக்காதீர்கள்.

"எனக்கு இதுதான் முதல் தடவை, தப்பா இருந்தா மன்னிச்சிருங்க" என்று தொடங்குவது நம்மவர்களிடம் அதிகம். பணிவு நல்ல குணம்தான். ஆனால் அதைக் கேட்டதும் கூட்டம் உங்களைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடும், கவலைப்படுகிறவர்களால் சிரிக்க முடியாது. வணக்கம் சொல்லுங்கள், பெயர் சொல்லுங்கள், முதல் ஜோக்குக்குப் போங்கள்.

யாருமே சிரிக்கவில்லை என்றால்? எழுதிய வரிசையிலேயே கடைசிவரை போங்கள். நடுவில் கூட்டத்தைத் திட்டுவது, "புரியலையா?" என்று கேட்பது இரண்டும் வேண்டாம். எல்லோருக்கும் இது நடந்திருக்கிறது. முழுதாக முடித்தால்தான் எந்த வரி தவறு என்று பதிவில் தெரியும், பாதியில் இறங்கினால் அந்த இரவு வீண்.

6. அன்றிரவே பதிவைக் கேளுங்கள்

மறுநாள் வேண்டாம், அன்றிரவே. மாமாக் கடையில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டாலும் சரி. மறுநாள் ஆனால் மனம் தனக்கு வேண்டியபடி கதையை மாற்றி வைத்திருக்கும்.

ஒவ்வொரு சிரிப்புக்கும் நோட்டில் ஒரு குறி. பெரிய சிரிப்புக்கு இரண்டு, சும்மா மூச்சு விட்டதுபோல் வந்ததற்குப் புள்ளி. ஒரு நிமிடம் முழுக்கக் குறியே இல்லை என்றால் அங்கே கதை அதிகம், ஜோக் இல்லை. அதை வெட்டுங்கள். எழுதாமல் மேடையில் தானாக வந்த ஒரு சொல்லுக்குச் சிரிப்பு வந்திருந்தால் உடனே எழுதி வையுங்கள். என்னிடம் இருப்பதில் நல்லவை பல அப்படிக் கிடைத்தவை.

ஒரு ஜோக்கை மூன்று வெவ்வேறு கூட்டத்தில் சொல்லிப் பார்க்காமல் தூக்கி எறியாதீர்கள், மூன்றிலும் சிரிப்பு வராவிட்டால் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். இங்கே நடக்கும் பெரிய தவறு, ஒவ்வொரு மாதமும் புது ஐந்து நிமிடம் எழுதுவது. பார்ப்பதற்கு உழைப்பாளி போலத் தெரியும். ஆனால் எதுவுமே கூர்மையாகாது. முதல் ஆண்டு முழுதும் ஒரே ஐந்து நிமிடத்தைத் தீட்டினால்கூட நான் குறை சொல்ல மாட்டேன்.

7. காசு வாங்கும் மேடை: ஆண்டு விருந்தும் கல்யாண டின்னரும்

நன்றாக வேலை செய்யும் பதினைந்து நிமிடம் சேர்ந்த பிறகு, ஆபாசம் இல்லாமல், எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்கும்படி இருந்தால், விருந்து மேடைக்குப் போகலாம். தமிழ் நகைச்சுவைக்கு இந்த நகரத்தில் நிலையான வருமானம் இங்கேதான்: நிறுவனங்களின் ஆண்டு விருந்து, சங்க நிகழ்ச்சி, தீபாவளி உபசரிப்பு, கல்யாண வரவேற்பு. ஆனால் ஓபன் மைக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே யாரும் உங்களைப் பார்க்க வரவில்லை, சாப்பிட வந்திருக்கிறார்கள்.

அதனால் ஒத்துக்கொள்ளும் முன் நான்கு விஷயம் கேளுங்கள்.

முதலாவது, எப்போது பேசப் போகிறேன்? பஃபே திறக்கும் நேரத்தில் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். ஒருமுறை ஒரு நிறுவன விருந்தில் எனக்குக் கொடுத்திருந்த நேரத்திலேயே சாப்பாட்டையும் திறந்துவிட்டார்கள். இருநூறு பேர் எனக்கு முதுகு காட்டி வரிசையில் நின்றார்கள். இருபது நிமிடம் பேசினேன், யாரும் கேட்கவில்லை. ஏற்பாடு செய்தவருக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம். இப்போதெல்லாம் "எல்லோரும் ஒரு தட்டுச் சாப்பிட்டு முடித்த பிறகு, அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு முன்" என்று எழுதியே வாங்குகிறேன். குலுக்கல் முடிந்தால் பாதி மண்டபம் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும்.

இரண்டாவது, மேடைக்கும் முதல் மேசைக்கும் எவ்வளவு தூரம்? நடுவில் ஆடுவதற்கு வெற்றுத்தளம் விட்டிருந்தால், கீழே இறங்கிப் பேச நீண்ட வயரோ கம்பியில்லா மைக்கோ கேளுங்கள். சிரிப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தொற்றுவது. இடைவெளி இருந்தால் தொற்றாது.

மூன்றாவது, யார் யார் வருகிறார்கள்? டத்தோ யாராவது வருகிறாரா, எல்லோரும் தமிழரா, மலாய்க்கார, சீன ஊழியர்களும் உண்டா? கலந்த கூட்டம் என்றால் தமிழில் மட்டும் பேசுவது ஒரு பகுதியினரை வெளியே உட்கார வைப்பதுபோல. அங்கே மூன்று மொழியும் கலந்து பேசத் தயாராகப் போகவேண்டும்.

நான்காவது, யாரைப் பற்றிப் பேசக் கூடாது? நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, உள்ளே எல்லோரும் சிரித்துக்கொள்ளும் இரண்டு சின்ன விஷயம் கேளுங்கள். அலுவலக லிஃப்ட், இடமே கிடைக்காத கார் நிறுத்துமிடம் இப்படி ஏதாவது. ஆள் பெயர் வேண்டாம். முதல் நிமிடத்தில் அதைத் தொட்டால், தட்டில் இருக்கும் தலைகள் நிமிரும்.

காசு பேசும்போது பாதியை முன்பணமாக வாங்குங்கள், மீதியை அன்றிரவே. உறவுக்காரர் கல்யாணத்துக்கு இலவசமாகப் பேசலாம், அது உங்கள் விருப்பம். ஆனால் முன்பின் தெரியாதவர் "எக்ஸ்போஷர் கிடைக்கும் தம்பி" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். நீங்கள் இலவசமாகப் போனால் அடுத்த மாதம் உங்களைப் போலவே உழைத்த இன்னொருவரிடமும் அதையே கேட்பார்கள்.

8. பதிவும் கணக்கும்

நிறுவனங்கள் இன்வாய்ஸ் கேட்கும். வணிகங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தனியாள் வணிகமாகப் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் என்றால் 60. வணிக வருமானம் வந்த பிறகு வருமான வரிக்குச் சம்பளக்காரர்களின் பாரம் பிஇ இல்லை, பாரம் பி. அதற்குக் காலக்கெடு ஜூன் 30. ஒவ்வொரு நிகழ்ச்சியின் இன்வாய்ஸ், டோல், பெட்ரோல், மேடைச் சட்டை ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

சொந்தத் தொழில் செய்பவருக்கு யாரும் இபிஎஃப் எனும் சேமநிதி கட்ட மாட்டார்கள். அதன் ஐ-சாரான் திட்டம் வழியாக நீங்களே கட்டலாம். விபத்துப் பாதுகாப்புக்குச் சொக்சோவின் சுயதொழில் திட்டத்திலும் சேருங்கள். இரவு இரண்டு மணிக்கு ஈப்போவிலிருந்து தனியாகக் கார் ஓட்டி வருகிற தொழில் இது.

9. தொலைக்காட்சி

சரி, இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். உள்ளூர்த் தமிழுக்கு ஆஸ்ட்ரோவில் வானவில், விண்மீன், ஆர்டிஎம்மில் டிவி2, வானொலியில் மின்னல் எஃப்எம், ராகா. போட்டிக்கும் நேர்முகத்துக்கும் அவர்கள் விடும் அறிவிப்புகளைச் சமூக ஊடகத்தில் பின்தொடருங்கள். ஆளைப் பிடித்து உள்ளே போவதைவிட, மூன்று நிமிடக் காணொளி ஒன்றைத் தயாராக வைத்திருப்பது பயன் தரும். அதில் வெட்டே இருக்கக் கூடாது, நிஜக் கூட்டத்தின் சிரிப்பு கேட்க வேண்டும். வெட்டி ஒட்டிய காணொளியை நம்பி யாரும் நேரலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

போவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தொலைக்காட்சி உங்கள் பொருளைச் சாப்பிடும். மேடையில் ஒரு ஐந்து நிமிடம் இரண்டு ஆண்டு சோறு போடும், ஒளிபரப்பானால் ஒரே இரவில் தீர்ந்துவிடும். அடுத்த வாரம் அதையே சொன்னால் "இதை டிவியில பார்த்துட்டோம்" என்பார்கள். போட்டி நிகழ்ச்சி என்றால் வாராவாரம் புதிது வேண்டும். அதனால் கையில் முப்பது நிமிடம் தீட்டிய பொருள் இல்லாமல் போட்டிக்குப் போகாதீர்கள் என்பேன். முதல் சுற்றில் இருப்பதிலேயே சிறந்ததைக் கொட்டிவிட்டு மூன்றாவது சுற்றில் வெறுங்கையோடு நின்ற தம்பிகளைப் பார்த்து மனம் கனத்திருக்கிறது.

அங்கே நடைமுறையும் வேறு. எழுதியதை முன்கூட்டியே கொடுக்கச் சொல்வார்கள், வரிகளை நீக்குவார்கள். விளம்பரதாரருக்குப் போட்டியான பொருளின் பெயர் வந்தால் போய்விடும், ஆகவே கடை, பானம், கார் பெயரில் நிற்கும் ஜோக்கை அனுப்பாதீர்கள். நீக்கிய வரிக்குச் சண்டை போடாமல் இருக்க, ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு மாற்று ஜோக்கைப் பையில் வைத்திருங்கள். மெல்லிய கோடு போட்ட சட்டை கேமராவில் நடுங்கும், ஒரே நிறச் சட்டை நல்லது. படப்பிடிப்பில் ஆறு மணி நேரம் காத்திருந்து இரவு பதினோரு மணிக்குப் பேச வேண்டி வரலாம், பார்வையாளர்களும் அதற்குள் களைத்திருப்பார்கள். அவர்களைப் பார்த்தே பேசுங்கள், கேமராவை அல்ல. சிரிக்கும் முகத்தைப் பார்த்துப் பேசும்போதுதான் உங்கள் நேரக்கணக்கு சரியாக விழும்.

ஒப்பந்தத்தில் மூன்றைத் தேடுங்கள்: வேறு நிலையத்துக்கு எத்தனை மாதம் போகக் கூடாது, அந்தக் காணொளியை நீங்கள் உங்கள் பக்கத்தில் போடலாமா, நீங்கள் எழுதியதை மேடையில் மறுபடி பேச உரிமை உண்டா. மூன்றாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். புரியாவிட்டால் ஒருநாள் அவகாசம் கேளுங்கள், நல்ல தயாரிப்பாளர் கொடுப்பார்.

தொலைக்காட்சியில் வென்றவர்கள் அப்புறம் எங்கே போனார்கள் என்று பாருங்கள். ஆஸ்ட்ரோவின் மலாய் நகைச்சுவைப் போட்டியான ராஜா லாவாக்கின் முதல் பருவத்தில் 2007இல் வென்ற ஜோஹான் வானொலிக்கும், அடுத்த பருவத்தில் வென்ற நபில் நிகழ்ச்சித் தொகுப்புக்கும் போனார்கள். சென்னையில் சிவகார்த்திகேயன் நகைச்சுவைப் போட்டியிலிருந்து தொகுப்பாளராகி, அதற்கப்புறம்தான் கதாநாயகன் ஆனார். தொலைக்காட்சி ஒரு நகைச்சுவைக் கலைஞருக்குத் தரும் நிலையான வேலை பெரும்பாலும் தொகுப்பாளர் வேலைதான். அது வேண்டுமென்றால் இப்போதே பழகுங்கள்: ஓபன் மைக்கை நீங்களே நடத்துங்கள், விருந்தாளி பேசும்போது குறுக்கே விழாமல் கேட்கப் பழகுங்கள், ஐந்து நிமிடம் தாமதமானால் கையில் பேப்பர் இல்லாமல் பேசி நிரப்பப் பழகுங்கள்.

10. டிக்டாக்கும் யூடியூபும்

எதைப் போடுவது, எதைக் காப்பாற்றுவது என்று பிரியுங்கள். முன்வரிசையில் இருப்பவரோடு அந்த நேரத்தில் நடந்த உரையாடலைத் தாராளமாகப் போடலாம். அது மறுபடி நடக்கப் போவதில்லை, உங்கள் பொருளும் செலவாகவில்லை. ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். தீட்டிய ஐந்து நிமிடத்தை அதற்கு மாற்று தயாராகும் வரை போடாதீர்கள். மலாயில் வசனவரி சேர்த்தால் தமிழ் தெரியாதவருக்கும் போய்ச் சேரும்.

11. தனி நிகழ்ச்சி

ஒரு மணி நேரம் பேச எழுபத்தைந்து நிமிடப் பொருள் வேண்டும், ஏனென்றால் ஐந்தில் ஒரு பங்கு அன்றைக்கு வேலை செய்யாது. எல்லாமே வெவ்வேறு மேடையில் தனித்தனியாகச் சோதித்ததாக இருக்கட்டும்.

மண்டபம் தேர்ந்தெடுக்கும்போது ஆசை கண்ணை மறைக்கும். விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கம், பிரிக்ஃபீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் சாந்தானந்த் அரங்கம், பினாங்கில் டேவான் ஸ்ரீ பினாங் எல்லாம் நமக்குப் பழகிய பெயர்கள். முதல் தனி நிகழ்ச்சிக்கு அவ்வளவு பெரிது வேண்டாம். நூறு இருக்கை நிரம்பிய அறையில் வரும் சிரிப்பு, பெரிய அரங்கில் நூறு பேர் அங்கங்கே உட்கார்ந்தால் வராது. கூரை தாழ்வாக, நாற்காலிகள் நெருக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

தேதி அறிவிக்கும் முன் உரிமத்தைப் பாருங்கள். கோலாலம்பூரில் பொதுமக்களுக்கான கேளிக்கை நிகழ்ச்சிகள் 1992ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசக் கேளிக்கைச் சட்டத்தின் கீழ் வரும், உரிமம் டிபிகேஎல் தருவது. அரங்கத்துக்கே உரிமம் உண்டா, உங்கள் நிகழ்ச்சிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா, கேளிக்கை வரி யார் பொறுப்பு என்று அரங்க நிர்வாகியிடம் எழுத்தில் கேளுங்கள். பினாங்குத் தீவில் என்றால் அங்குள்ள மாநகர் மன்றம். உங்களுக்கு முன்னால் பேச சென்னையிலிருந்து யாரையாவது அழைத்தால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் புஸ்பாலின் ஒப்புதலும் வேண்டும், அதற்கான நாட்களையும் கணக்கில் சேருங்கள். டிக்கெட் விற்ற பிறகு இதையெல்லாம் தேடத் தொடங்கி, நூறு பேருக்குப் பணம் திருப்பிக் கொடுத்த ஒரு தங்கச்சி என் ஓபன் மைக்கில்தான் வளர்ந்தவர். அவருக்கு இதை முன்னாலேயே சொல்லாமல் போனோமே என்று இன்றும் நினைப்பேன்.

உங்களுக்கு முன்னால் பத்து நிமிடம் பேச ஒருவரை வையுங்கள். தாமதமாக வருபவர்கள் உட்காரும் சத்தம் உங்கள் முதல் ஜோக்கில் விழாது, கூட்டமும் சிரித்துப் பழகியிருக்கும். மாலையில் அரங்கத்துக்குப் போனதும் முதல் வேலை கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் ஒருவரைப் பேச வைத்து ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்ப்பது. கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டால், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் "என்ன சொன்னாரு?" என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குவார்கள். அந்த முணுமுணுப்பு வரிசை வரிசையாக முன்னால் வரும்.

இரண்டு கேமரா வையுங்கள், ஒன்று உங்கள் முகத்துக்கு, ஒன்று அரங்கம் முழுவதற்கும். கூட்டத்தின் சிரிப்பைப் பதிய தனி மைக் ஒன்றைக் கூரைப் பக்கம் தொங்கவிடச் சொல்லுங்கள். உங்கள் மைக்கில் மட்டும் பதிந்தால், அரங்கமே அதிர்ந்த இடம்கூடப் பதிவில் யாரோ தூரத்தில் இருமியதுபோல் கேட்கும், அதை எந்தத் தயாரிப்பாளரிடமும் காட்ட முடியாது.

நிகழ்ச்சி முடிந்ததும் முன்னால் பேசியவருக்கும் ஒலிக்காரருக்கும் வாசலில் டிக்கெட் பார்த்த பிள்ளைகளுக்கும் அன்றிரவே காசைக் கொடுத்துவிடுங்கள், உங்கள் பங்கை எண்ணுவதற்கு முன்பே.